தேறுவது, மீள்வது, எழுவது: ஆங்கிலத்தில் எதற்கு எந்தச் சொல்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் மாலை நேரத்தில் ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதுபவர்கள், காசிமேட்டு மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள், செவிலியர் பயிற்சி பெறுபவர்கள், இரண்டு தாள்களை 'அரியர்' வைத்துவிட்டு நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் பொறியியல் மாணவர்கள் எனப் பலரும் வருகிறார்கள். விழுந்து எழுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைப் பற்றி அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

தமிழில் 'தேறிவிட்டார்' என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருக்கும்போது, ஆங்கிலத்தில் ஏன் இத்தனை சொற்கள்?

தமிழிலும் அந்தச் சொல் ஒரே பொருளில் நிற்பதில்லை. காய்ச்சலில் கிடந்தவர் தேறுகிறார். பத்தாம் வகுப்பில் பையன் தேறுகிறான். துக்கம் விசாரிக்கப் போனவர் தேறுதல் சொல்கிறார். பழைய இரும்புக் கடைக்காரர் ஒரு மோட்டாரைப் புரட்டிப் பார்த்துவிட்டு 'இது தேறாது' என்று ஒதுக்கி வைக்கிறார். நாம் இடத்தைப் பார்த்துப் பொருளைப் பிரித்துக்கொள்கிறோம். ஆங்கிலமோ பெரும்பாலும் சொல்லை மாற்றியே பிரிக்கிறது. எனவே அகராதியைத் திறப்பதற்கு முன் இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இழந்தது எது: உடல்நலமா, பணமா, பெயரா, மன உறுதியா? மீண்டது எப்படி: படுத்து, ஓய்வெடுத்து, மெல்ல மெல்லவா, அல்லது விழுந்த வேகத்திலேயேவா? இவ்விரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் பாதிச் சொற்கள் தாமாகவே விலகிவிடும்.

'எனக்குக் காய்ச்சல் சரியாகிவிட்டது' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

'மை ஃபீவர் இஸ் ரிகவர்ட்' என்றுதான் பத்தில் எட்டுப் பேர் தொடங்குகிறார்கள். தமிழில் சரியாவது காய்ச்சல். ஆங்கிலத்தில் 'ரிகவர்' ஆவது ஆள். இழந்ததைத் திரும்பப் பெறுவதே அந்தச் சொல்லின் அடிப்படைப் பொருள் என்பதால், காய்ச்சல் 'ரிகவர்' ஆனது என்று சொன்னால், தளர்ந்து போயிருந்த காய்ச்சல் மறுபடியும் தெம்பு பெற்றுக்கொண்டது என்ற விபரீதமான பொருள் தொனிக்கும். 'ஐ ஹேவ் ரிகவர்ட் ஃப்ரம் த ஃபீவர்' என்பதே சரி. நோயின் பெயருக்கு முன் 'ஃப்ரம்' கட்டாயம் வர வேண்டும். எழுவாயாகக் காய்ச்சலையே வைத்துக்கொள்ள விரும்பினால் 'த ஃபீவர் இஸ் கான்' என்று சொல்லிவிடலாம். அதில் தவறு ஒன்றுமில்லை. பேச்சில் 'ஐ ஹேவ் காட் ஓவர் இட்' என்பதும் இயல்பாக வரும்.

இந்தச் சொல் மனிதர்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் கட்டிக் கிடக்கின்றன அல்லவா? மீன்கள் இனப்பெருக்கம் செய்து, அவற்றின் வளம் மறுபடியும் கூட வேண்டும் என்பதற்காக வைக்கப்பட்ட தடைக்காலம் அது. அதை ஆங்கிலத்தில் எழுதும்போது, மீன்வளம் 'ரிகவர்' ஆவதற்கான அவகாசம் என்றுதான் எழுதுவார்கள். அந்த இரண்டு மாதங்களில் மீனவக் குடும்பங்களின் வருமானம் 'ரிகவர்' ஆகிறதா என்று ஒரு மாணவி கேட்டார். இலக்கணப்படி அந்த வாக்கியம் சரிதான் என்று சொன்னேன்.

'ரிகவர்', 'க்யூர்', 'ஹீல்' மூன்றும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. புண்ணும் முறிந்த எலும்பும் 'ஹீல்' ஆகின்றன; நோய் 'க்யூர்' செய்யப்படுகிறது; நோயாளி 'ரிகவர்' ஆகிறார். 'ஹீல்' என்பது முழுமை என்னும் பொருளுடைய 'ஹோல்' என்ற சொல்லின் உறவினம். பிளந்தது கூடி முழுதாவதைக் குறிக்கிறது. அதனால்தான் பிரிந்த உறவுக்கும், கலவரத்தால் பிளவுபட்ட ஊருக்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். 'க்யூர்' கவனிப்பு, பராமரிப்பு எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மருந்தோ மருத்துவரோ நோயின் மீது செய்யும் வேலையை அது காட்டுகிறது.

மருத்துவமனையில் வேலை பார்க்கப் போகிறவர்கள் 'க்யூர்' என்ற சொல்லைக் கையாளும்போது கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். சாதாரணக் காசநோய்க்குப் பெரும்பாலும் ஆறு மாத மருந்து கொடுக்கப்படுகிறது. மாத்திரைகளை முழுவதும் விழுங்கி முடித்த எல்லோரையும் பதிவேட்டில் 'க்யூர்ட்' என்று எழுதிவிட முடியாது. ஆய்வகச் சோதனையின் சான்று இருந்தால் 'க்யூர்ட்'. அந்தச் சான்று இல்லாமல் சிகிச்சை மட்டும் முடிந்திருந்தால் 'ட்ரீட்மென்ட் கம்ப்ளீட்டட்'. இரண்டும் தனித்தனிக் கட்டங்கள். சர்க்கரை நோய் கட்டுக்குள் இருப்பதை 'அண்டர் கன்ட்ரோல்' என்றும், புற்றுநோய் தணிந்து நிற்பதை 'ரெமிஷன்' என்றும் சொல்வதே முறை. சுவரொட்டியில் சர்க்கரையை 'க்யூர்' செய்வதாக எழுதியிருக்கிறதே என்று கேட்காதீர்கள். சுவரொட்டியை வைத்து மருத்துவமும் கற்கக் கூடாது, ஆங்கிலமும் கற்கக் கூடாது.

விடுப்புக் கடிதத்தில் 'ரெக்யூபரேட்', 'கான்வலெஸ்' என்று எழுதலாமா?

முதலாவதை எழுதலாம். 'ஐ ஆம் ரெக்யூபரேட்டிங் ஃப்ரம் டெங்கு' என்றால், நோயின் கடுமை தணிந்துவிட்டது, ஆனால் உடம்பில் தெம்பு சேர இன்னும் ஓய்வு வேண்டும் என்று பொருள். 'ரிகவர்', 'ரெக்யூபரேட்' இரண்டும் ஒரே லத்தீன் வேரிலிருந்து பிறந்தவை. முன்னது பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்தது, பின்னது உருவம் அதிகம் மாறாமல் நேராக வந்தது. அலுவலகத்துக்கு இது பொருத்தமான சொல். 'கான்வலெஸ்' இன்னும் பழைய வாடை கொண்டது. நீண்ட நோய்க்குப் பிறகு காற்றோட்டமான இடத்தில் பல வாரங்கள் தங்கி உடம்பைத் தேற்றிக்கொள்பவருக்குப் பொருந்தும். மூன்று நாள் விடுப்புக்கு அதை எழுதினால் மேலாளர் சிரித்துவிடுவார்.

'ரிஹேபிலிடேஷன்' என்பதும் இந்த வரிசையில் வருமா?

வரும், ஆனால் அதில் பிறருடைய கை சேர்ந்திருக்கிறது. இயந்திரத்தில் கை நசுங்கியவருக்கு அறுவை சிகிச்சை முடிந்து காயம் ஆறியபின், விரல்களை மடக்கவும் பொருளைப் பற்றவும் மறுபடியும் பழக்குகிறார்களே, அதுதான் இது. பறிக்கப்பட்ட பதவியையும் மதிப்பையும் ஒருவருக்குத் திருப்பித் தருவதே இச்சொல்லின் பழைய பொருள். உடலுக்குப் பின்னாளில்தான் வந்தது. கால்வாய் ஓரத்திலிருந்து நகரின் மறுகோடிக்கு மாற்றப்பட்ட குடும்பங்களுக்கான திட்டக் காகிதங்களிலும் இதே சொல் இருக்கிறது. அங்கே அதன் பழைய பொருளை நினைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள்.

வங்கியிலிருந்து வரும் கடிதத்தில் 'ரிகவரி' என்று இருக்கிறது. நாங்கள் யாரும் நோயாளிகள் இல்லையே?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் வேடிக்கையாகக் கேட்கவில்லை. ஆட்டோவுக்கு வாங்கிய கடனில் மூன்று தவணை பாக்கி வைத்திருந்தார். 'ரிகவர்' என்ற வினைக்குப் பின் 'ஃப்ரம்' வராமல் நேரடியாக ஒரு பொருள் வந்தால், கைவிட்டுப் போனதைத் திரும்பக் கைப்பற்றுவது என்று பொருள்படும். வங்கி கடனை 'ரிகவர்' செய்கிறது. காவல்துறை திருடு போன நகையை 'ரிகவர்' செய்கிறது. அழிந்த கோப்புகளைக் கணினிக் கடைக்காரர் 'ரிகவர்' செய்து தருகிறார். சம்பளச் சீட்டில் முன்பணத்துக்கான பிடித்தமும் 'ரிகவரி' என்ற தலைப்பின் கீழ்தான் நிற்கிறது. ஆகவே யார் தேறுகிறார்கள் என்பதை எப்போதும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கடிதத்தில் தேறிக்கொண்டிருந்தது வங்கி.

வியாபாரத்தில் போட்ட பணத்தையோ நட்டத்தையோ மீட்பதற்கு 'ரீகூப்' என்ற சொல் தனியாக இருக்கிறது. மழையில் கடை மூழ்கிச் சரக்கு நாசமானவர் அடுத்த பண்டிகை விற்பனையில் நட்டத்தை 'ரீகூப்' செய்யலாம். உடல்நலத்துக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம்.

'ரெஸ்க்யூட்', 'ரிகவர்ட்': செய்தித்தாளில் இவற்றை எப்படிப் படிப்பது?

மிகுந்த கவனத்தோடு. கடலில் படகு கவிழ்ந்த செய்தியை வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, 'த்ரீ வேர் ரெஸ்க்யூட், டூ வேர் ரிகவர்ட்' என்ற வரியைப் பார்த்த பையன் ஒருவன், ஐந்து பேரும் பிழைத்துவிட்டார்கள் என்று மகிழ்ச்சியோடு மொழிபெயர்த்தான். மூன்று பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். இரண்டு பேரின் உடல்கள் மீட்கப்பட்டன என்பதே அந்த வரியின் பொருள். நீரிலிருந்தோ இடிபாட்டிலிருந்தோ ஆளை 'ரிகவர்' செய்தார்கள் என்றால், அநேகமாக அங்கே உயிர் இல்லை. தமிழிலும் 'மீட்பு' இரண்டுக்கும் பொதுவாக நிற்கிறது. ஆனால் 'உடல்' என்ற சொல்லை நாம் விடாமல் சேர்த்துவிடுகிறோம். ஆங்கிலச் செய்தி சில நேரங்களில் அதைச் சேர்ப்பதில்லை. கடலுக்குப் போகிறவர்கள் இருக்கும் வீட்டில் செய்தியைப் படித்துச் சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் படிக்கிற பிள்ளையின் மீதே விழுகிறது என்பதால், வேறு எந்தச் சொல்லைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடாதீர்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் சொல்லி வருகிறேன்.

'பவுன்ஸ் பேக்' என்பதை எங்கே சொல்லலாம்?

பந்தை நினைத்துக்கொள்ளுங்கள். தரையில் அடித்த பந்து தயங்குவதில்லை, ஓய்வெடுப்பதில்லை. பட்ட அடியின் வேகத்தையே எழும் வேகமாக மாற்றிக்கொள்கிறது. வியாசர்பாடியில் முதல் ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கிய அணி அடுத்த ஆட்டத்தில் ஜெயித்தால், அது 'பவுன்ஸ் பேக்'. தேர்வில் ஒரு முறை தவறி அடுத்த முறை நல்ல மதிப்பெண் எடுத்ததும் அப்படியே. விரைவும் உற்சாகமும் உள்ள சொல் என்பதால், பக்கவாதம் வந்து ஓராண்டாக நடை பழகிக்கொண்டிருக்கும் தாத்தாவுக்கு இது பொருந்தாது. அவருக்கு 'ஸ்லோலி ரிகவரிங்' போதும்.

'பேக்' என்ற சிறு சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். 'ஹி பவுன்ஸ்ட்' என்றால் அவர் குதித்தார் என்றாகும். காசோலை 'பவுன்ஸ்' ஆனால் வழக்காகும். கணக்கில் பணம் இல்லாமல் காசோலை திரும்பினால், 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டுகள் வரை சிறையோ, காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஒரே சொல் மனிதருக்குப் பெருமையாகவும் காசோலைக்கு அவமானமாகவும் இருப்பதைப் பார்த்து வகுப்பில் எப்போதும் சிரிப்பு எழும்.

'ரீபவுண்ட்' அதேதானா?

ஏறக்குறைய. கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பும் பந்து 'ரீபவுண்ட்'. விழுந்த விலை மறுபடியும் ஏறுவதும் 'ரீபவுண்ட்'. காதல் முறிந்த கையோடு இன்னொருவரைப் பற்றிக்கொள்வதை 'ஆன் த ரீபவுண்ட்' என்பார்கள். அது பாராட்டு இல்லை. விழுந்துகொண்டே இருக்கும் பங்குச் சந்தை சிறிது துள்ளிவிட்டு மறுபடியும் விழுவதற்கு 'டெட் கேட் பவுன்ஸ்', அதாவது செத்த பூனையின் துள்ளல் என்று பெயர். போதிய உயரத்திலிருந்து விழுந்தால் செத்த பூனைகூடச் சிறிது எழும்பும் என்பது சந்தைக்காரர்களின் குரூரமான நகைச்சுவை.

'ராலி' என்றால் பேரணி அல்லவா?

பேரணியும்தான். சிதறிய படையை மறுபடியும் ஒன்று சேர்ப்பது என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் எல்லாப் பொருள்களும் ஒரே நூலில் கோக்கப்பட்டுவிடும். கட்சித் தொண்டர்கள் கூடுவது, சரிந்த பங்கு விலைகள் ஏறுவது, ஐந்து விக்கெட் இழந்த அணி நிமிர்வது, நோயாளியின் உடம்பு சிதறிய பலத்தைச் சேர்த்துக்கொள்வது ஆகிய அனைத்தும் 'ராலி'. ஆனால் நோயாளி 'ராலிட்' என்று மருத்துவர் சொன்னால், அவர் தேறிவிட்டார் என்று உறவினர்களுக்குச் சொல்லிவிடாதீர்கள். அந்த நேரத்துக்குத் தெம்பு வந்திருக்கிறது என்ற அளவுக்குத்தான் அது உறுதி தருகிறது. இறுதி நாட்களில் இருப்பவர் திடீரென்று கண் விழித்துப் பேசி, ஒரு வாய் காப்பி கேட்டுக் குடிப்பதைக்கூட 'ராலி' என்ற சொல்லால் குறிப்பதுண்டு. அணையப் போகும் விளக்கு சுடர்விட்டு எரிவதாக நம் வீடுகளில் சொல்வது அதைத்தான்.

குத்துச்சண்டை பழகுகிறேன். 'கம்பேக்' என்பதை எப்படிப் பயன்படுத்துவது?

வடசென்னையில் இந்தக் கேள்வி வராவிட்டால்தான் வியப்பு. ஒருவர் களத்தை விட்டு விலகியிருந்து, அல்லது வீழ்ச்சியடைந்து, பிறகு திரும்பி வருவது 'கம்பேக்'. பெயர்ச்சொல்லாக ஒரே சொல்லாகச் சேர்த்து எழுத வேண்டும். வினைச்சொல்லாகக் 'கம்', 'பேக்' எனப் பிரித்து எழுத வேண்டும். இதற்கு முகமது அலியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. வியட்நாம் போருக்கான படைச் சேர்ப்பை மறுத்ததற்காக 1967இல் அவருடைய பட்டமும் உரிமமும் பறிக்கப்பட்டன. 1970இல் களத்துக்குத் திரும்பினார். 1974இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனை எட்டாவது சுற்றில் வீழ்த்திப் பட்டத்தை மீட்டார். 1970இல் நடந்தது 'ரிட்டர்ன்'. அது 'கம்பேக்' ஆக முழுமை பெற்றது 1974இல்தான் என்பது என் கருத்து. விளையாட்டு நிருபர்கள் இரண்டுக்கும் அந்தச் சொல்லையே எழுதுவார்கள். அலி 1980இல் சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் ஆடியதை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள்.

களத்திலிருந்து பொது ஆங்கிலத்துக்கு வந்த தொடர்கள் இன்னும் சில உண்டு. 'ஆன் த ரோப்ஸ்' என்றால் கயிற்றோரம் ஒதுக்கப்பட்டுத் தோல்வியின் விளிம்பில் இருப்பது. 'காட் அப் ஆஃப் த கேன்வஸ்' என்றால் விழுந்த விரிப்பிலிருந்து எழுந்தது. பத்து எண்ணி முடிப்பதற்குள் எழுவது 'பீட் த கவுண்ட்'. தொழிலில் நொடித்து மீண்டவரைப் பற்றி எழுதும்போது இவை 'பவுன்ஸ் பேக்' என்பதைவிடக் கனமாக இருக்கும், ஏனென்றால் இவற்றில் வலி தெரிகிறது.

'ரெசிலியன்ட்' என்று எங்களைப் புகழ்கிறார்களே, அது நல்ல சொல்தானே?

நல்ல சொல்தான், யார் எப்போது சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பின்னோக்கித் துள்ளுதல் என்ற லத்தீன் வினையிலிருந்து வந்த இச்சொல், பொறியியலில், ஒரு பொருள் அழுத்தத்தை உள்வாங்கி, நிரந்தரமாக உருக்குலையாமல் பழைய வடிவத்துக்குத் திரும்பும் தன்மையைக் குறிக்கிறது. 1973இல் ஹோலிங் என்ற சூழலியலாளர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு காடு, ஏரி, மீன்வளம் ஆகியவற்றின் தாங்குதிறனைச் சொல்லவும் பரவியது. பிறகு உளவியலுக்கும் நகரத் திட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது. தமிழில் 'மீள்திறன்' என்று எழுதுகிறார்கள்.

பொறியியல் பொருளில் இன்னொரு பாதியும் இருக்கிறது. எந்த உருக்குக் கம்பிக்கும் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டி வளைத்தால் அது திரும்பி வராது. புகழ்கிறவர்கள் இந்தப் பாதியை மறந்துவிடுகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து, வலையும் படகும் வீட்டுச் சுவரும் கறுத்துப் போயின. அந்த மக்களை ஆங்கிலத்தில் 'ரெசிலியன்ட்' என்று எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டால், சேதத்துக்கு யார் பொறுப்பு, இழப்பீடு யாருக்கு எவ்வளவு என்ற கேள்விகள் அந்தச் சொல்லின் கீழே மறைந்துவிடும். அவர்களைப் பற்றி எழுத வேண்டுமானால் 'தே ஆர் ஸ்டில் ரிகவரிங்' என்று எழுதுங்கள். அது இன்னும் முடியவில்லை என்பதாவது அதில் தெரியும்.

நேர்முகத் தேர்வில் 'ஒரு தோல்வியிலிருந்து எப்படி பவுன்ஸ் பேக் செய்தீர்கள்' என்று கேட்டால்?

நடந்ததைச் சொல்லுங்கள், சொல்லை அலங்கரிக்காதீர்கள். 'அரியர்' என்பதை இந்தப் பொருளில் இந்தியாவுக்கு வெளியே புரிந்துகொள்ள மாட்டார்கள்; அவர்களுக்கு அது செலுத்தாத பாக்கித் தொகை. 'ஐ ஃபெயில்ட் டூ பேப்பர்ஸ் இன் மை தேர்ட் செமஸ்டர் அண்ட் பாஸ்ட் போத் இன் த நெக்ஸ்ட் அட்டெம்ப்ட்' என்று சொல்லி, இடையில் படிக்கும் முறையில் எதை மாற்றினீர்கள் என்பதை ஒரு வாக்கியத்தில் சேர்த்தால் போதும். கேட்டவரே 'பவுன்ஸ் பேக்' என்று சொல்லிவிட்டதால் நீங்கள் அதைத் திருப்பிச் சொல்லத் தேவையில்லை.

'இன்னும் முழுசாகச் சரியாகவில்லை' என்பதற்கு?

தேறி வருகிறார் என்றால் 'ஆன் த மெண்ட்'. ஆபத்தான கட்டம் கழிந்தது என்றால் 'டர்ன்ட் த கார்னர்'. ஆபத்து இன்னும் நீங்கவில்லை என்றால் 'நாட் அவுட் ஆஃப் த வுட்ஸ் யெட்'. எழுந்து நடமாடி வேலைக்கும் போகத் தொடங்கிவிட்டார் என்றால் 'பேக் ஆன் ஹிஸ் ஃபீட்'. பிழைப்பாரா என்ற நிலையிலிருந்து பிழைத்துக்கொண்டார் என்றால் 'புல்ட் த்ரூ'. குணமான நோய் திரும்பி வந்தால் 'ரிலாப்ஸ்'. அதன் லத்தீன் வேருக்கு வழுக்குதல் என்று பொருள்.

வீட்டில் ஒருவரை இழந்தவருக்கு இவற்றில் எதை எழுதலாம்?

எதையும் எழுத வேண்டாம். 'கெட் ஓவர்' என்பது சளிக்கும் ஏமாற்றத்துக்கும் சரி. தாயை இழந்தவரிடம் 'யூ வில் கெட் ஓவர் இட்' என்று எழுதினால், அந்த இழப்பைத் தாண்டிக் குதித்துவிடலாம் என்று சொன்னது போலாகும். 'ஐ ஆம் ஸோ ஸாரி ஃபார் யுவர் லாஸ்' என்ற வரியும், முடிந்தால் இறந்தவரைப் பற்றி உங்களுக்கு நினைவிருக்கும் ஒரு செய்தியும் போதும்.

நோயாளிக்கு அனுப்பும் வாழ்த்தில் 'ஹேப்பி ரிகவரி' என்று எழுதலாமா?

'விஷ் யூ எ ஸ்பீடி ரிகவரி' என்பதே வழக்கு. நெருங்கியவர் என்றால் 'கெட் வெல் சூன்'. சட்டையில் அச்சடித்தது போல் அது உங்களுக்குத் தோன்றினால், 'அக்கா, சீக்கிரம் எழுந்து வா' என்று தமிழிலேயே எழுதி அனுப்புங்கள்.